அத்தாவின் வலது மணிக்கட்டு

3 ஆகஸ்ட், ஞாயிறு

என்னைப் பெற்ற அத்தாவுக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. செம்பாக்கம் முதியோர் ஹோமில் சேர்த்த அன்று இதே சட்டைக்குப் பட்டன் போட வயிறு இடித்தது. "வயசாச்சு இல்லையா மேடம், சாப்பாடு குறையத்தான் செய்யும்" என்கிறார் மேனேஜர் ராஜாராமன். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன மனுஷன், பசிக்குது என்று எப்படிச் சொல்வார்? அந்தத் தைரியம்தான் இவர்களுக்கு.

கொண்டுபோன இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, அல்லாஹ் பேரால் பிஸ்மி சொல்லி ஊட்டினேன். நாலும் போயிற்று. இதுதான் சாப்பாடு குறைஞ்ச லட்சணமா?

6 ஆகஸ்ட்

நேற்று என் கடைக்குப் போகும் வழியில் ஒரு டப்பா இடியாப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று டப்பா காலி, கழுவிக்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தாவின் கன்னம் ஒட்டித்தான் கிடக்கிறது. அப்போ தின்னது யாரு?

தம்பி முதாசிருக்குப் போன் போட்டேன். மறைமலை நகரில் ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் பேசினான். "அக்கா, நீ கறிக்கடையில எலும்பு ஜாஸ்தின்னு சண்டை போடற ஆளு. எல்லார் மேலயும் உனக்கு சந்தேகம்." எலும்பு ஜாஸ்தியாத்தானே போட்டான்!

10 ஆகஸ்ட், ஞாயிறு

அத்தாவின் வலது மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருக்கிறது. நீலமும் மஞ்சளுமாக. கட்டிப் போடுறாங்க. வேற என்ன?

அவரைப் பார்த்துக்கொள்ளும் அமலராணியைக் கேட்டேன். "தெரில மேடம்" என்றாள். அப்புறம், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறாரு இல்ல, லேசா பட்டாலே இப்டி ஆவும்" என்றாள். தெரியாதவளுக்கு இவ்வளவு விளக்கம் எங்கிருந்து வந்தது? போட்டோ எடுத்துக்கொண்டேன். எடுப்பதை அவளும் பார்த்தாள். பார்க்கட்டும்.

போட்டோவைப் பார்த்த என் மகள் சோயா, "அசையாத கையை எதுக்கும்மா கட்டணும்?" என்கிறாள். காலேஜ் போற புத்தி. கட்டிலோட கட்டுறவனுக்கு எந்தக் கையா இருந்தா என்னடி?

13 ஆகஸ்ட், புதன்

இன்று சொல்லாமல் போனேன். "போன் பண்ணிட்டு வாங்கன்னு ரூல்ஸ் மேடம்" என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். உள்ளே விட்டபோது அத்தாவுக்குத் தலை வாரி, கழுத்தில் பவுடர் அப்பியிருந்தது. அத்தா ஜென்மத்தில் பவுடர் போட்டதில்லை. எதை மறைக்க இவ்வளவு பவுடர்?

வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தால் இவர்கள் வாசலை மிதிப்பேனா? மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, அவரைத் தூக்க என்னிடம் தெம்பும் இல்லை. படியில் உட்கார்ந்து அழுதேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி இறக்கணுமாம். புதன்கிழமை. டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் சம்மதிக்கணுமாம்.

"என் கையால நாலு இடியாப்பம் தின்ன மனுஷனுக்குக் குழாயா?"

"உங்க கையால சாப்பிடறார் மேடம். இங்க தட்டைத் தள்ளிவிடறார். கஞ்சி அரை டம்ளர் குடிச்சா பெரிசு" என்றார் ராஜாராமன்.

அமலராணி பக்கம் திரும்பினேன். "கட்டிப் போட்டவ கையால எவன் சாப்பிடுவான்? நாளைக்கு மதியம் நான் நின்னு பாப்பேன். வாயே திறக்க மாட்டேன். ஆனா பாப்பேன்." விசிட்டிங் டைம் நாலு மணிக்குத்தான் என்றார் ராஜாராமன். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்றேன். சரி வாங்க என்றுவிட்டார்.

18 ஆகஸ்ட், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கதவோரம் நின்றேன். ரசம் சாதம் வந்தது. அமலராணி அத்தாவின் கழுத்தில் துண்டைக் கட்டி, அவருடைய இடது கையில் ஸ்பூனைக் கொடுத்து, "சாப்டுங்க ஐயா" என்றாள்.

அத்தா ஸ்பூனைக் கீழே வைத்தார். அந்த இடது கையாலேயே செத்துப்போன வலது கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துத் தூக்கித் தட்டில் போட்டார். தட்டு சரிந்தது, ரசம் மடியில் கொட்டியது. "பாத்தீங்களா மேடம், தள்றாரு." அவள் அந்தக் கையைத் துடைத்து மடியில் வைத்துவிட்டு, மறுபடி இடது கையில் ஸ்பூனைத் திணித்தாள். அத்தா மறுபடி அதே மணிக்கட்டைப் பிடித்தார். அதே இடம். கன்றிப்போன அந்த இடத்தின் மேலேயே அவருடைய கட்டைவிரல்.

யா அல்லாஹ். அத்தா தள்ளல. சோத்துக் கையை எடுத்து வைக்கிறாரு!

முதாசிருக்குப் பிறந்ததிலிருந்தே இடது கைப் பழக்கம். சின்ன வயசில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொல்லி, "அது சைத்தான் சாப்பிடற கைடா" என்பார் அத்தா. அந்த மனுஷன் பசியில் செத்தாலும் இடது கையால் ஒரு பருக்கை தொடுவாரா?

"இடது கையில குடுக்கச் சொன்னது யாரு?"

"பிசியோ சாரு. வேலை செய்யற கைல பழகட்டும், ஊட்ட வேணாம்னாரு."

யாரைத் திட்டுவது? வாய் நிறையத் திட்டு இருந்தது, ஆள்தான் அகப்படவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, அத்தாவின் வலது கையை என் கைக்குள் வைத்து, அவர் விரலாலேயே சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர், அவருக்கும் எனக்கும்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?" என்றாள் அமலராணி.

"நீ கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் அத்தாவின் மடியில் கொட்டியிருந்த ரசத்தைத் துடைத்தாள். பிறகு அவளே, "அந்த இடியாப்பத்த நான்தான் சாப்ட்டேன் மேடம். ஐயா தொடல, வீணாப் போவுதேன்னு" என்றாள். பார்த்தாயா முதாசிர்! நான் சொன்னேன்ல!

20 ஆகஸ்ட்

குழாய் இப்போதைக்கு வேண்டாமாம். இரண்டு வாரம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

24 ஆகஸ்ட்

அமலராணி நான் சொன்னபடி செய்கிறாளா, இல்லை நான் போகும்போது மட்டும் நடிப்பா?

4 செப்டம்பர், வியாழன்

மதியம் சொல்லாமல் போனேன். வாட்ச்மேன் இந்தத் தடவை தலையில் அடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அமலராணி ஸ்டூலில் உட்கார்ந்து, அத்தாவின் வலது கையைப் பிடித்துச் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். கழுத்துச் சங்கிலியில் சிலுவை ஆடியது. "பிஸ்மில்லா... அதுக்கு அப்பறம் இன்னா ஐயா? மறந்து போச்சே" என்றாள். அத்தாவின் உதடு அசைந்தது.

நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்தேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

அத்தாவுக்குப் பட்டன் மறுபடி இடிக்கிறது. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை.

இன்று போன் பண்ணிவிட்டுத்தான் போனேன். அமலராணிக்கு எத்தனை இடியாப்பம் எடுத்து வரட்டும் என்று கேட்க.