மாமி கேட்ட கேள்வி

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் நெருங்கும்போதெல்லாம் வலியில் நான் அழுததை வெறுப்பென்று நினைத்துத்தானே சவூதிக்குப் போனீர்கள்? மாமி அதை ஜின் என்று சொல்லி என் இடுப்பில் தாயத்துக் கட்டினார். வாழத் தெரியாதவள் என்று பேகம்பூர் முழுக்கச் சொன்னவரும் அவர்தான்.

இன்று டவுனில் ஒரு லேடி டாக்டர், அந்தத் தாயத்தை ஓரமாக நகர்த்திவிட்டுப் பரிசோதித்தார். "இது நோய்மா. உள்தசை தானா இறுகிக்கிது. பயிற்சி எடுத்தா சரியாயிரும்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமி எழுந்து வந்தார்.

"அப்ப எனக்கு இருந்ததும் சீக்குதானா, டாக்டரம்மா?"

உங்களையும் சேர்த்து ஐந்து பிள்ளை பெற்றவர், மச்சான்.

இப்படிக்கு,
உங்களை ஒருநாளும் வெறுக்காதவள்