ஜீவிதாவுக்காகச் செய்த ஜெபம்

அஸ்தினாபுரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஃபிரெடிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூவரும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. தெருவில் பைப்புக்காகத் தோண்டின பள்ளத்தை இன்னும் மூடவில்லை, என் ஸ்கூட்டர் மெயின் ரோட்டில்தான் நிற்கிறது. போனில் சொன்னால் உன் தங்கை காதில் விழும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜீவிதா ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எண்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தானே? அவளோ பேப்பரை எடுத்துக்கொண்டு போய், கூட்டல் தப்பு மிஸ், எனக்கு இவ்ளோ வராது என்றாளாம். அவளுடைய கணக்கு டீச்சர் ஷீலா மிஸ் என்னை வரச் சொன்னார். மூணு தடவை கூட்டிக் காட்டிட்டேன் சார், நம்ப மாட்டேங்கிறா, போன டெஸ்ட்ல தெரிஞ்ச கணக்கையே அடிச்சுட்டு வெறும் பேப்பர் குடுத்தா, வீட்ல யாரு சார் இவளை மக்குன்னு சொல்றது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வீட்டில் யாராவது அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் உனக்காக வேண்டிவிட்டு அவளுக்காக வேண்ட ஆரம்பித்தேன். ஆண்டவரே, மந்தமான இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும் என்பேனே, அவள் ஒண்ணாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறிய நாளிலிருந்து. ஆண்டவரே என்றதும் நாக்கு நின்றுவிட்டது. அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடியபடியே ஜீவிதா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள், மந்தமான இந்தப் பிள்ளைக்கு என்று. அம்மா ஆமென் சொல்லவில்லை, அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை தம்பி. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டது தப்பா? விட்டுவிட்டால் அந்த எண்பத்தொன்றும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டு நாளாக அவள் பெயரைச் சொல்லாமலே முடிக்கிறேன், அப்பா ஏம்மா எனக்கு மட்டும் ஜெபம் பண்றதில்ல என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். உனக்கென்றால் ஞானமுள்ள மகனுக்காக ஸ்தோத்திரம் என்பேன். காலேஜில் ஒரு பேப்பரில் பெயிலானதை ஒரு வருஷம் மறைத்தாயே, அதுவும் இதனால்தானா? உண்மையைச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவளிடம் பேசும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஏழரைக்கு ஜெபம். இன்று ஜீவிதாவின் பெயரைச் சொல்லிவிடுவேன், அதற்கு மேல் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வேதசிரோமணி