ரேடியேட்டரும் உன் மாமா கையும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ அங்கே உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லா இருக்கியான்னு முதல்ல கேட்டுக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம்னு எழுத எனக்கும் ஆசைதான், ஆனா உங்கப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு இல்லை, உன் மாமா ஆஸ்பத்திரிக் கட்டில்ல, எனக்குக் கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. மத்தபடி சுகம்.

உன் மாமா உங்கப்பாவைக் குத்திட்டான்னு உன் அத்தை போன்ல சொன்னதைக் கேட்டுட்டு நீ குதிச்ச குதி இருக்கே, அப்பப்பா. எங்கப்பா மேல வச்ச அந்தக் கையை ஒடைக்காம விடமாட்டேன், லீவு கெடைச்சதும் கெளம்பி வர்றேன்னு கத்திட்டு வச்சவன், அப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிறே. உன் மாமாவுக்கு பஸ் டிப்போவில வச்ச பேர் சம்மட்டி, அவன்கிட்ட ஒரு குத்து வாங்கினவன் ரெண்டாவதுக்கு நிக்க மாட்டான், அது ஊருக்கே தெரியும். ஆனா நீயும் உங்கப்பாவுக்குப் பொறந்தவன், சொன்னா செஞ்சுடுவேன்னு எனக்குத் தெரியும், அந்தப் பயத்துலதான் உக்காந்து எழுதுறேன். கோபத்துல கிழிச்சுப் போடாம கடைசி வரைக்கும் படி. உன் அத்தை காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. அவ பார்த்தது ஒரே ஒரு குத்து. முன்னாடி நடந்ததையும் பின்னாடி நடந்ததையும் பார்த்தவ நான்.

எல்லாம் அந்த மூணு சக்கர வண்டியால வந்த வினை. முட்டி தேஞ்சதுலேர்ந்து உங்கப்பாவால மோட்டார் சைக்கிளைக் கால் ஊன்றி நிறுத்த முடியலை, அதுக்காக ஓட்டாம இருப்பாரா, சொந்தமா ஒரு வண்டி கட்டுவேன்னு பைத்தியம் பிடிச்சுது. முன்னாடி ஒத்தைச் சக்கரம், பின்னாடி ரெண்டு சக்கரம், அது நடுவில பழைய கார் இன்ஜின். லேத்து வேலை பூரா உங்கப்பா, இன்ஜினும் வெல்டிங்கும் மாமா, சீட்டு மட்டும் நம்ம தையல் கடையில நான் தைச்சேன். அது வரைக்கும் ரெண்டு பேரும் நகமும் சதையுமாத்தான் இருந்தாங்க. ரேடியேட்டரை எங்கே வைக்கிறதுன்னு வந்துச்சு பாரு, அன்னிக்குப் பிடிச்சுது சனி. மாமா முன்னாடி வைக்கணும்னான், ஓடுற ஓட்டத்துல காத்து நேரா வந்து மோதும், தண்ணி தானா ஆறும்னான். உங்கப்பாவுக்கு அழகு கெட்டுடுமாம், வண்டி மூஞ்சியில டின்னைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்குமாம், சீட்டுக்குப் பின்னாடி தாழ்வா, கண்ணுக்குத் தெரியாம வைக்கணுமாம். உங்க முதுகும் சீட்டும் சுவர் மாதிரி நிக்கும், அங்கே ஏது காத்து, அதோட ரேடியேட்டர் மூடி இன்ஜின் தலைக்கும் கீழே போயிடும், தண்ணி ஊத்தினா காத்து மேலேயே அடைபட்டு நிக்கும்னு மாமா தலைபாடா அடிச்சுக்கிட்டான். இவர் கேட்டாத்தானே. மாமா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து இவரே பின்னாடி பொருத்தி, ஃபேனும் மாட்டிட்டார். மறுநாள் வந்து பார்த்தவன் கையில இருந்த ஸ்பேனரை வீசினான் பாரு, ஷெட்டுத் தகரத்துல இன்னும் ஓட்டை இருக்கு.

நானும் சும்மா இருக்கலைடா. கடையிலேர்ந்து சிவப்பு நூல்கண்டு ஒண்ணு எடுத்துட்டுப் போய், ரேடியேட்டர் முன்னாடி இருக்கிற கம்பிவலை பூரா சாண் சாணா நூல் கட்டிவிட்டேன். இவரை ஓட்டச் சொல்லி, மாமா பைக்குல பின்னாடி உக்காந்து பக்கவாட்டில பார்த்துக்கிட்டே போனேன். ஃபேன் காத்தைப் பின்பக்கமாத் தள்ளணும், ஆனா வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க நூல் அத்தனையும் உங்கப்பா முதுகைப் பார்த்துப் பறக்குது. காத்து சுழண்டு முன்னாடி வருது, ஃபேன் பின்னாடி தள்ளுது, ரெண்டும் மல்லுக்கு நின்னு நடுவில ஒண்ணுமே போகலை. வந்து சொன்னா, துணி தைக்கிறவளுக்கு நூல்தான் தெரியும்னு சிரிச்சார். அந்தச் சிரிப்புலயே நான் ரெண்டு பல்லைத் தட்டியிருக்கணும், உன் மாமாவுக்கு வேலை மிச்சம்.

அன்னிக்கு மேட்டு ரோட்டுல ஏறி இறங்கி வீட்டு வாசலுக்கு வந்து நிறுத்தினார். சூடு காட்டுற முள் ஆடாம அசையாமக் கீழே படுத்திருக்கு, பாத்தியா பாத்தியான்னு மாமாகிட்டே மார்தட்டுறார். மாமா ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தான், கல்லு மாதிரி விறைச்சு நிக்குது. அந்த முள்ளுக்குச் சூடு சொல்ற முனை தண்ணியிலேயே இல்லை, மேலே அடைபட்ட காத்துலதான் இருந்திருக்கு, உள்ளே கொதிச்சுப் பொங்குறது அதுக்கு எப்படித் தெரியும். தண்ணி அளவு பார்க்கிறேன்னு உங்கப்பா குனிஞ்சு மூடியில துணியைப் போட்டுட்டார். தொடாதீங்கன்னு மாமா கத்தினான், மச்சான் தொடாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினான், யார் எதைச் செய்யாதேன்னு சொன்னாலும் அதையே செய்ற மனுஷன் ஒரு திருகு திருகிட்டார். இழுத்துத் தள்ள நேரமில்லை, பாஞ்சு வந்து தாடையிலேயே விட்டான் குத்து. அதைத்தான் உன் அத்தை பார்த்தா. உங்கப்பா பின்னாலே போய் விழவும் மூடி கழண்டு ஓடு வரைக்கும் பறக்கவும் சரியா இருந்துச்சு. கொதிதண்ணியும் ஆவியும் பீறிட்டு அடிச்சுது, உங்கப்பா மூஞ்சி இருந்த இடத்துல இப்போ உன் மாமாவோட வலது கைதான் இருந்துச்சு.

அதோட முடிஞ்சுதா? அந்த மனுஷன் ரத்தத்தைத் துப்பிட்டு எழுந்தார், ஒண்ணும் புரியலை, மச்சினன் அடிச்சுட்டான்ங்கிறது மட்டும்தான் புரியுது. கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்து மாமா தோள்ல ரெண்டு போடு போட்டார். இவன் கை வெந்து நிக்கிறான், திருப்பி அடிக்கலை, அலறவும் இல்லை, வாயைத் திறந்தபடி நிக்கிறான். நான் ஓடிப்போய் உங்கப்பா கன்னத்துல அறைஞ்சேன், அதுவும் உன் அத்தை பார்க்கலை போலிருக்கு, இல்லைன்னா நீ என் கையையும் ஒடைக்க வந்திருப்பே. தண்ணிக் குழாயடியில மாமா கையைப் பிடிச்சு, சட்டையைக் கழட்டப் போனப்ப, சட்டைக் கையோட தோலும் சேர்ந்து வந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் உங்கப்பா கையிலேர்ந்து குழாய் விழுந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்து கடப்பாரையை எடுத்து அந்த ரேடியேட்டரைக் குத்து குத்துன்னு குத்தினேன், என் ஆத்திரம் தீர்ற வரைக்கும் விடலை. உங்கப்பா வாசப்படியில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தார்.

தொடையிலேர்ந்து தோல் எடுத்துக் கையில ஒட்டியிருக்காங்க. விரல் மடங்குமா மடங்காதான்னு டாக்டர் வாயால சொல்ல மாட்டேங்கிறார். தினமும் பயிற்சி குடுக்க ஒரு அம்மா வந்து விரலைப் பிடிச்சு மடக்குறாங்க, சம்மட்டின்னு பேர் வாங்கினவன் குழந்தை மாதிரி ஓலமிடுறான், நான் வராந்தாவுல காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன். ஸ்பேனர் பிடிக்க முடியலைன்னா டிப்போவில அவனுக்கு என்னடா வேலை? உங்கப்பா ஆரம்பத்துல வார்டுக்குள்ளே காலே வைக்கலை. இப்போ மூணு வேளையும் அவர்தான் ஊட்டி விடுறார். ஊட்டும்போதும் சண்டைதான். ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தா பின்னாடியே ஆறியிருக்கும்னு இவர் பல்லில்லாத வாயால காத்து விட்டுக்கிட்டுச் சொல்ல, அவன் இடது கையால டம்ளரைத் தூக்கி எறிஞ்சான், நர்ஸ் வந்து ரெண்டு பேரையும் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க.

நீ வர்றேன்னு சொன்னதையும் மாமாகிட்டே சொல்லிட்டேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. வரட்டும், ஆனா வலதை விட்டுட்டு இடதை ஒடைக்கச் சொல்லு, வலதுக்குத்தான் நிறைய செலவாகியிருக்குன்னான். சிரிச்சான். பக்கத்துல போன் மணி அடிச்சா மட்டும் திரும்பிப் பார்க்கிறான், நீயோன்னு. நீ வா, வராதேன்னு நான் சொல்ல மாட்டேன். வந்து அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டு. அதுக்கப்புறமும் ஒடைக்கணும்னு தோணுச்சுன்னா ஒடைச்சுக்கோ.

உடம்பைப் பார்த்துக்கோ, ராத்திரி வெறும் டீயைக் குடிச்சுட்டுப் படுக்காதே. நீயும் அங்கே பழைய கார்தான் ஓட்டுறே, சூடா இருக்கும்போது மூடியைத் தொட்டே, ஜாக்கிரதை. நோய் நொடி இல்லாம நூறு வயசு இரு. முதல்ல போனை எடு.

உன் வரவையும் உன் நிதானத்தையும் எதிர்பார்க்கும்
அம்மா

உங்கப்பாவும் ரெண்டு வரி எழுதணுமாம், பேனாவைக் குடுக்கிறேன்.

மகனே, புது ரேடியேட்டர் வாங்கி முன்னாடி வச்சுட்டேன், மூடி இன்ஜினை விட உசரமா இருக்கு. அசிங்கமாத்தான் இருக்கு. உன் மாமாவை அடிக்க வர்றதா இருந்தா முதல்ல என்னை அடிச்சுப் போட்டுட்டு உள்ளே போ, நான் வார்டு வாசல்லதான் உக்காந்திருப்பேன்.
அப்பா