கடதாசி அண்ணன்

அன்பு மடையனே, என் மச்சான் தேவா,

காடெரிந்து சிட்னியைப் புகை மூடிய கோடை முதலில் வந்தது. பிறகு கொரோனா வந்தது, நாட்டுக் கதவைப் பூட்டினார்கள். அதற்கும் பிறகு, நாங்கள் வீட்டுக்குள் அடங்கி இருக்கிறோமா என்று பார்க்க எங்கள் பிளாக்டவுன் பக்கத் தெருக்களில் ஆமிக்காரர் கதவு தட்டித் திரிந்தார்கள். நீ பின்லாந்தில் கண்ணை மூடியது அந்த வருடம். எனக்கு எழுத்துத் தெரியாது. வருடங்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஏச்சு வருகிற இடத்தில் அவள் பேனை நிற்கிறது. "அப்பிடியே எழுது பிள்ளை, அவனுக்கு என்ர ஏச்சுப் பழக்கம்" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா என்னைத் தனியே விட்டுச் செத்த பிறகு, இங்கே வா என்று உன்னை எத்தனை தரம் கூப்பிட்டேன்? அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் உன் கையில் இருந்தது. ஆனால் பெரிய துரை நீ, அதோடு வரமாட்டாய். "இந்த நாட்டுப் பாஸ்போட்டோட வருவன் அத்தான். பிளேனால இறங்கினா ஒருத்தனும் என்னை மறிச்சுக் கேள்வி கேக்கக் கூடாது." அந்தப் பாஸ்போர்ட்டுக்கு அவர்களின் பாஷையில் பரீட்சை. தொடக்கப் பரீட்சை தாண்டினால் அதற்கு மேலே இன்னொன்று. ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவனுக்கு எதற்கடா பரீட்சை? தரை என்ன, பதில் சொல்லுமா?

கோயில் மண்டபத்தில் ஒரு என்ஜினியர் இருக்கிறார். தன் இங்கிலீஷ் சோதனைப் புள்ளியை இன்றைக்கும் சாதகம் போலச் சொல்லித் திரிகிற மனிதன். "பின்லாந்தில எல்லாரும் இங்கிலீஷ் கதைப்பினம். உங்கட மச்சான் ஏன் வீணா மினக்கெடுறார்?" என்றார். "அவனுக்கு இங்கிலீசும் தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவர் உன்னை விசாரிக்கவில்லை.

நீ வேலைக்குப் போக முன் எனக்கு அழைப்பாய். இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். நீ படித்த வசனத்தை ஒருமுறை சொன்னால் எனக்குப் போதும், மறக்காது. மறுநாள் நான் சோதிக்கிற ஆள், நீ மாணவன். மினுன் நிமேனி ஒன் தேவா, என் பெயர் தேவா. யுவோன் கஹ்வியா, நான் கோப்பி குடிக்கிறேன். ஊரில் காத்தவராயன் கூத்துக்குக் கூட உன்னை இவ்வளவு பாடமாக்க வைக்கவில்லை. பேருந்து எப்போது வரும், தக்காளி எங்கே விற்கும். இந்தச் சில்லறைக் கதைகளை வைத்துத்தான் ஒரு மனிதனை நாட்டுக்குள் சேர்ப்பதா விடுவதா என்று நிறுத்தார்கள்.

முதல் பரீட்சையில் உன் காதில் ஒரு கருவியை மாட்டி, வாய்க்கு நேரே மைக்கை வைத்து, ஒரு கடதாசியைத் தந்தார்கள். அதில் எழுதியிருந்தது: உன் அண்ணன் வேறு நகரத்தில் இருக்கிறார், சனிக்கிழமை அவரிடம் போவதாக இருந்தாய், போக முடியவில்லை, போன் எடுத்துச் சொல். அவ்வளவுதான். நீ வாயே திறக்கவில்லை.

"ஏனடா?"

"அண்ணன்மார் ரெண்டு பேரையும் கொன்றுபோட்டாங்கள் எண்டதுதானே அத்தான் என்ர அகதிக் கேஸ். இப்ப அண்ணன் இருக்கிறார், வாறன் எண்டு நானே சொன்னா? அங்க எல்லாத்தையும் பதிவு செய்யிறாங்கள்."

"அது சும்மா விளையாட்டடா."

"உங்களுக்குத் தெரியாது. என்ர குரல் பைலில கிடக்கும்."

மடையன். ஆனால் உன்னைவிடப் பெரிய மடையர்கள் அங்கே கதிரையில் இருந்தார்கள். அகதிக் கேஸ் விசாரித்த கந்தோரில், அண்ணன்மார் செத்ததை நிரூபி என்றார்கள். எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பரீட்சை வைத்த கந்தோரில், அண்ணனுக்குப் போன் எடு என்றார்கள். எடுக்காததற்குப் புள்ளியை வெட்டினார்கள். இதை யோசித்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ. நான் படிக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

"அத்தானுக்கு அவங்கட பாஷையில என்ன?" என்று கேட்டேன்.

"லங்கோ."

"பிறகென்ன? கடதாசியில ஆர் கிடந்தாலும் நீ எனக்கு எடு. நான் உயிரோடதானே இருக்கிறன். உன்ர பைலிலயும் இருக்கிறன்."

இரண்டாவது தரம் கடதாசியில் அண்ணனுக்குப் பதில் ஒரு சிநேகிதன். நீ அவனை விட்டுவிட்டு எனக்கே எடுத்தாய். லங்கோ, என் வோய் துல்லா. துலென் கெஸல்லா. அத்தான், என்னால் வர முடியாது, கோடையில் வருகிறேன். பாஸ் போட்டார்கள். பெரிய சாதனை என்று நீ கேக் வாங்கித் தனியே தின்றாய்.

மற்றப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் புற்று என்றார்கள். நீ எழும்பி வர முடியாது. நான் போகவும் இந்த நாடு விடாது. கதவைப் பூட்டிய கனவான்கள் தொலைக்காட்சியில் தினமும் காலையில் வந்து கொரோனா எண்ணிக்கை வாசித்தார்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாய். நீ தரை துடைத்த அதே ஆஸ்பத்திரி. ஒரு தாதி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லங்கோ, என் வோய் துல்லா."

பொறுத்துப் பார்த்தேன். கோடையை நீ சொல்லவில்லை.

"தமிழில சொல்லடா, மடையா."

"தமிழில சொன்னா அழுதிடுவன் அத்தான். இந்தப் பாஷையில எனக்கு அழத் தெரியாது."

அவர்கள் உனக்குப் படிப்பித்ததில் உதவியது அது ஒன்றுதானா?

எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. அறுபது தாண்டியவருக்குப் பரீட்சை இல்லை என்று சிரித்துக்கொண்டு தந்தார்கள். நீ உயிரைக் கொடுத்துப் படித்ததை எனக்குச் சும்மா தருகிற உலகம் இது. அந்தப் புத்தகத்தோடு, உங்கள் கோடை பிறக்கும்போது உன்னிடம் வருவேன். வழியில் மறித்துக் கேட்கிறவனுக்கு என் பெயரையும் கோப்பி குடிப்பதையும் நீ சொல்லித் தந்த பாஷையில் சொல்வேன். உன் குழிக்குப் பக்கத்தில் தமிழ்தான். உரத்து ஏசுவேன். அழுகை வந்தால் வரட்டும், அங்கே புள்ளி போட ஒருவனும் இருக்கமாட்டான்.

உன்னை மடையன் என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் உன் அம்மா, அண்ணன்மார், அக்கா புஷ்பம். எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது,

உன் அத்தான், உன் லங்கோ,
நாகலிங்கம்