நாலு ஜிபி

ஜூன் 9, திங்கள்
காலையிலேர்ந்து தூறல். துணி காயல. மக ஸ்டெல்லாவோட லேப்டாப் செத்துடுச்சு. வியாழக்கிழமை காலேஜ்ல பிராஜெக்ட் காட்டணும் அவ. ரிப்பேர் கடை பாய் சொன்னது: "பென்டிரைவ் கொண்டாங்க அக்கா, அதுல விண்டோஸ் ஏத்தித்தான் புதுசா போடணும். பென்டிரைவ்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்."
வீட்ல ஒண்ணு இருக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோல பாட்டுக்குப் போட்டது. மாதா படத்துக்குப் பின்னால. அவர் போய்ச் சேந்து நாலு மாசம். ஸ்டெல்லா அத கேக்கல. நானும் எடுத்துத் தரேன்னு சொல்லல.

ஜூன் 10, செவ்வாய்
சிவாஜிநகர் பிளாட்பாரத்துல அறுபத்துநாலு ஜிபி வாங்கினேன். விண்டோஸ் பாதி ஏறி நின்னுடுச்சு.
"டூப்ளிகேட் அக்கா. காட்டறது அறுபத்துநாலு, உள்ள ஒண்ணும் இல்ல."
ஸ்டெல்லா திட்டல. திட்டியிருக்கலாம்.
வாங்கணும்: தக்காளி, சோப்பு, தலைவலி மாத்திரை.

ஜூன் 11, புதன்
இன்னொண்ணு வாங்கி அதுவும் டூப்ளிகேட்டா போனா? அவரோடது மூணு வருஷம் ஆட்டோ குலுக்கல்ல நின்னது. எடுத்துக் குடுத்தேன்.
"வேணாம்மா."
"பாட்டு போன்லயே கெடைக்குது, போடி."
அவர் போட்ட வரிசை கெடைக்காது. முதல்ல மாதா பாட்டு, அப்புறம் குத்துப் பாட்டு. என்னய்யா வரிசை இதுன்னு கேட்டா, "காலையில சாமி, டிராஃபிக்ல குத்து, வீடு திரும்பறப்ப உன் பாட்டுடி"ம்பார்.
பாய் சொருகிப் பாத்தார். "இது நாலு ஜிபி. எட்டு ஜிபியாவது வேணும் அக்கா."
சின்னதா வாங்கிட்டு வந்தார்னு அன்னிக்கு எவ்ளோ திட்டினேன்.
கையில வாங்கி முந்தானையில முடிஞ்சிட்டேன். பாயே கூட வந்து நல்ல கடையில பதினாறு ஜிபி எடுத்துக் குடுத்தார். சொருகற வாய்க்குள்ள நீலமா இருக்கணுமாம், அதுதான் சீக்கிரம் ஏறுமாம். சாயந்திரம் லேப்டாப் ஓடுச்சு.

ஜூன் 12, வியாழன்
பிராஜெக்ட் நல்லா போச்சாம். வந்ததும் அவரோடத லேப்டாப்ல போட்டா. குத்துப் பாட்டு முதல்ல வந்துச்சு. வரிசை கலைஞ்சிடுச்சாடின்னு கேட்டேன்.
"லேப்டாப் பேர் வரிசையில போடுதும்மா. ஆட்டோ செட்டு, அப்பா ஏத்தின வரிசையில போடும்."

ஜூன் 13, வெள்ளி
வெயில். அவர் ஆட்டோவ வாங்கின மணி அண்ணன் மர்பி டவுன் ஸ்டாண்டுல இருந்தார். பென்டிரைவ நீட்டினேன். வாங்கி செட்டுல சொருகினார். "ஏறும்மா."
மாதா பாட்டு. அப்புறம் குத்து. அல்சூர் ஏரியச் சுத்தி வந்தோம். எங்க தெரு முனை வந்துடுச்சு, என் பாட்டு இன்னும் வரல.
"இன்னொரு ரவுண்டு போங்கண்ணா."