ஷின்ஜுகு முதல் ஷியோஜிரி வரை

2025 ஜூன் 3

ரயிலில் ஒரு தடவைகூட ஏறாதவள் ஜப்பான் ரயில் பாதைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். போளூர் ஸ்டேஷனைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி.

முதியோர் இல்ல வேலைக்கு நேர்காணல் 24ஆம் தேதி. இல்லம் ஷியோஜிரி என்ற ஊரில். முன்பு எடுத்த பெண் டோக்கியோவிலேயே வழி தவறி, பயந்துபோய் ஒரே வாரத்தில் ஊர் திரும்பிவிட்டாளாம். அதனால் தனியாக வந்து சேரத் தெரிந்தவள்தான் வேண்டுமாம். வேலூர் ஜப்பானிய மொழி வகுப்பில் சைமா டீச்சர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "திரௌபதி, உங்களுக்கு மொழி வருது, பாதை வரல. கேட்டா முழிக்கக் கூடாது." இதை விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 6

டோக்கியோ ஸ்டேஷனில் மூன்று பெரிய பாதைகள். டோக்கைடோ கோபே வரை. டொஹோகு வடக்கே மொரியோகா வரை. சூவோ மேற்கே, மலைக்குள். என்னுடையது சூவோ. நானும் மலைக்காரிதானே, மலை என்று படித்ததும் பாதி பயம் போய்விட்டது.

ஜூன் 11

டோக்கியோவுக்குள்ளேயே இருக்கும் ஷின்ஜுகுவில் ஏறினால் ஹச்சியோஜி, கோஃபு, சினோ, காமிசுவா, ஒகயா, ஷியோஜிரி. ஒகயா மட்டும் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 15

இந்த மனுஷனை என்ன செய்வது? என் கணவர் பூபாலன் ஓட்டும் மினி பஸ்ஸில் ஜமுனாமரத்தூருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தருகே நிறுத்தி, "ஹச்சியோஜி எறங்கு" என்று கத்துகிறார். ரேஷன் கடை கோஃபு. ஆஸ்பத்திரி ஒகயா. எனக்காக நாலு நாளாக இப்படித்தானாம். கோபால்சாமி மாமா தூக்கம் கலைந்து, "இன்னாப்பா, ஒகயா வந்துட்ச்சா?" என்று பையைத் தேடுகிறார். சிரித்துச் சிரித்து வயிற்று வலி கண்டது. ஒகயா இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

ஜூன் 24

கெடுத்துக்கொண்டேன். நானே கெடுத்துக்கொண்டேன்.

வேலூர் வகுப்பில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தேன். எதிரே இல்லத்தின் நிர்வாகி ஹயாஷி அம்மா, நரைத்த தலை, நல்ல முகம். பாதையைக் கேட்டார். ஒரு ஊர் விடாமல் சொன்னேன். சைமா டீச்சர் முகமெல்லாம் பூரிப்பு. அடுத்து, "நீங்கள் ஷின்ஜுகு வந்து சேர ஐந்து நிமிடம் தாமதமாகிறது. என்ன செய்வீர்கள்?"

"ஓட்டுநருக்குப் போன் செய்வேன்" என்றேன்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "அவர் நம்பர் உங்களிடம் இருக்குமா?"

"ஊரில் எல்லோரிடமும் இருக்கும்."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. திரும்பும் வழியில் போளூர் கிட்டே கேட் போட்டிருந்தது. ரயில் யாரையும் பார்க்காமல் விர்ரென்று போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அய்யோ, இதுக்கா போன் பண்றேன்னு சொன்னேன்? யாருக்குமே நிக்காதாமே இது. எங்க வண்டின்னா ஒரு போன் போட்டா போதும், கைப்புள்ளக்காரி வர்ற வரைக்கும் நிக்கும். எல்லா வண்டியும் அப்படித்தான்னு நெனச்சிட்டேனே.

ஜூன் 25

பூபாலனிடம் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். இரண்டு நாள் பேசப்போவதில்லை.

ஜூன் 26

பேசிவிட்டேன். "அடுத்த வருசம் போவலாம்மே, ஜப்பான் எங்க ஓடிறப் போவுது" என்று தேன் வாங்கி வந்திருந்தார்.

ஜூலை 9

எழுதக் கை ஓடவில்லை.

வீட்டில் சிக்னல் கிடையாது. மதியம் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். கீழே வளைவிலிருந்தே ஹாரன் விடாமல் அடிக்கிறது. ஏதோ விபத்து என்று எழுந்து ஓடினேன். வண்டி நின்றது, பூபாலனுக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் செல்லி அக்கா குதித்தாள்: "துரோபதி, நீ பாஸாம்டீ." சைமா டீச்சர் பூபாலனுக்குப் போன் செய்திருக்கிறார். எனக்குத் தெரியும் முன் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு அந்த வண்டியிலேயே போய் டீச்சரிடம் பேசினேன். நேர்காணல் முடிந்ததும் எங்கள் மலை பஸ் கதையை அவர் ஹயாஷி அம்மாவுக்கு விளக்கியிருக்கிறார். அந்த அம்மா சொன்னாராம்: "நேரம் பார்க்க நான் கற்றுக்கொடுத்துவிடுவேன். மெதுவாக நடப்பவர்களுக்காகக் காத்திருக்க இவளுக்கே தெரியும்." போனைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். பூபாலனும் அழுதார். தூசு என்றார்.

2026 ஏப்ரல் 19, ஷியோஜிரி

வந்து பதினாறு நாள். நேற்றிரவு பூபாலனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். டிசம்பரில் வந்து பார்ப்பதற்கு இப்போதே ஸ்வெட்டர் வாங்கிவிட்டாராம்.

இன்று விடுமுறை. ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையிலேயே திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார்கள், கொடி துளிர்த்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டியோடு ஒரு பெரியவர் வந்து, நகோயா ரயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சுற்றிலும் அத்தனை பேர் இருக்க, என்னிடம். கிசோ பள்ளத்தாக்கு வழியாகப் போகும் சூவோ வண்டி எதிர் நடைமேடையில் வரும், இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது என்றேன். அவர் குனிந்து வணங்கிவிட்டு, நான் கைகாட்டிய பக்கம் நடந்தார்.