ஐந்து கிளாஸ் வெறுந்தேநீர்

22 டிசம்பர் 2007, சனி

அந்தந்த வருடம் வந்த பேர்பன் விஸ்கிகளை நத்தார் பண்டிகைக்கு முன் ருசி பார்த்து வரிசைப்படுத்துவது இவருடைய வழக்கம். போத்தல்களைப் பேப்பரில் சுற்றி இலக்கம் போட்டு ஊற்றிக் கொடுப்பது, குடிக்காத மனைவி நான்தான்.

போன குளிருக்கு வெளிப்படிக்கட்டு ஐஸில் வழுக்கித் தலை அடிபட்டதிலிருந்து இவர் மருந்துக் குளிசை எடுக்கிறார். குடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அதனால் இன்று பின்னேரம் இவருடைய சிநேகிதர் சேவியர் அண்ணைக்கு விஸ்கியும், இவருடைய ஐந்து கிளாஸிலும் ஆறிய வெறுந்தேநீரும் ஊற்றினேன். முதல் மிடறிலேயே ஏசுவார் என்று நின்றேன்.

ஏசவில்லை. ஒவ்வொன்றாக மணந்து, குடித்து, அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதினார்.

"மூண்டாவதுதான் திறம். தொண்டை எரியுது," என்றார்.

"உன்ர நாக்கை ஆர் வெல்லுறது," என்று அண்ணை தன் வரிசையை வெட்டிவிட்டு இவருடையதை எழுதினார்.

தலை அடிபட்டதில் மணமும் ருசியும் போனதை இவ்வளவு காலமும் மறைத்திருக்கிறார். தேநீர்தான் என்று எப்படிச் சொல்வது?

இரவு, மீன்குழம்பு எப்படி என்று கேட்டேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். சிரித்தேன்.

"நல்லாயிருக்கு," என்றார்.